முட்டையா, உருண்டைக் கல்லா? அரியலூர்ப் பாறைகளைப் படிக்கும் முறை

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டதாகப் படங்கள் கைபேசிக்குக் கைபேசி பறந்தன. உருண்டை உருண்டையாகக் கற்கள். சில பந்து அளவு, சில ஆள் தூக்க முடியாத அளவு. பார்த்துவிட்டு நிலவியல் தெரிந்தவர்கள் சொன்னது வேறு: அம்மோனைட் என்ற கடலுயிரியின் எச்சத்தைச் சுற்றி இறுகிய படிவு உருண்டைகள் இவை. செய்தி சில நாளில் அடங்கிவிட்டது. ஒரே கல்லைப் பார்த்து ஒருவர் முட்டை என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். இதில் யார் பக்கம் நியாயம் என்று எதை வைத்துத் தீர்ப்பது?

முதலில் உருண்டை எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம். அம்மோனைட் என்பது கணவாய்க்குத் தூரத்து உறவு. கடாக் கொம்பு போல் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்தது. செத்துக் கடலடிச் சேற்றில் விழுந்ததும் உடல் அழுகுகிறது. அழுகும் இடத்தைச் சுற்றிச் சேற்றிலுள்ள நீரின் வேதியியல் மாறி, சுண்ணாம்புச் சத்து அங்கே மட்டும் படிந்து, சேற்றைச் சிமெண்ட் போலப் பிடித்துவிடுகிறது. மேலே புதுச் சேறு ஏற ஏறச் சுற்றியுள்ள மண் நசுங்கித் தட்டையாகும். ஏற்கெனவே இறுகிய உருண்டை மட்டும் நசுங்காது. ஆகவே உருண்டையின் மேலும் கீழும் படலங்கள் வளைந்து ஒதுங்கிப் போவதைப் பல இடங்களில் கண்ணாலேயே பார்க்கலாம். இப்படிப்பட்ட ஒன்று பல வீடுகளில் பூஜை அறையிலேயே இருக்கிறது. நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமம், அம்மோனைட்டை உள்ளே வைத்து இறுகிய கறுப்பு உருண்டைதான். சக்கரம் என்று கும்பிடுவது அந்த ஓட்டின் சுருளை.

முட்டை அப்படி உண்டாவதில்லை. அதற்கு ஓடு வேண்டும். மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் 92 கூடுகளில் 256 டைனோசர் முட்டைகளை விவரித்து 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் பெரும்பாலானவை 15 முதல் 17 செ.மீ. விட்டம். முட்டை என்றால் ஒரே கூட்டில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். உடைந்த விளிம்பில் உள்ளே இருக்கும் மண்ணிலிருந்து தனியாகப் பிரிந்து தெரியும் மெல்லிய ஓடு இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் அந்த ஓட்டின் குறுக்கே சுண்ணாம்புப் படிகங்கள் வேலிக்கால் போல வரிசையாக நிற்பதும், மூச்சுத் துளைகளும் தெரியவேண்டும். படிவு உருண்டை என்றால் எலுமிச்சை அளவும் பானை அளவும் கலந்து கிடக்கும், ஓடு இருக்காது, உடைத்தால் வெங்காயம் போல் அடுக்கோ, நடுவே ஒரு சிப்பியோ, வெடிப்பில் நிரம்பிய படிகமோ வரும். ஆள் தூக்க முடியாத முட்டை எந்த டைனோசரும் இட்டதில்லை. இதற்கெல்லாம் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சுற்றியுள்ள பாறை எது? குன்னம் வட்டாரத்துப் படிவுகள் பெரும்பாலும் கடலடியில் படிந்தவை. டைனோசர் தரையில்தான் முட்டையிட்டது. தார் மாவட்டத்து முட்டைகள் தரைப் படிவில் கிடந்தன என்பதைக் கவனியுங்கள். (அங்கே ஒரு கிராமத்தில் குலதெய்வமாகக் கும்பிட்டுவந்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகளாம் என்று அதே ஆண்டு செய்தி வந்தது. இங்கே முட்டை கல்லானது, அங்கே சாமி முட்டையானது.)

கல்லை மட்டும் பார்த்தவருக்கு முட்டை. கல்லோடு அது கிடந்த படுகையையும் பார்த்தவருக்கு உருண்டை. புதைபடிவ விவாதங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிரிகின்றன. அதனால் களத்துக்குப் போகும் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பழக்கம், குறிப்பேட்டின் பக்கத்தை நடுவே கோடு போட்டு இரண்டாக்குவது. இடப்பக்கம் கண்ணுக்குப் பட்டது: ‘மஞ்சள் களிமண், 40 செ.மீ., நடுவே விரல்நீளத் தோட்டா வடிவக் கற்கள்’. வலப்பக்கம் அதற்கு நினைத்த பொருள்: ‘பெலெம்னைட், எனவே கடல்’. (பெலெம்னைட் என்பது கணவாய் போன்ற, அழிந்துபோன கடலுயிரி.) பொருள் நாளை மாறலாம், இடப்பக்கம் மாறக்கூடாது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதிய குறிப்பேடு பத்து வருடம் கழித்து யாருக்கும் உதவாது.

அடுக்குகளின் வரிசை

அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்தப் படிவுகளை முறையாக அளந்து 1862-ல் அறிக்கை வெளியிட்டவர் நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு. அதற்கு முன்பே கேய், கன்லிஃப் என்ற இருவர் சேகரித்து அனுப்பிய சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்திருந்தார். பிளான்ஃபோர்டு பிரித்த மூன்று பெரும் தொகுதிகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன: அடியில் ஊட்டத்தூர், நடுவே திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர். அதற்கும் மேலே நின்னியூர்ப் படிவுகள். அடித்தளம் பழைய கருங்கல். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 6 கோடி ஆண்டு வரை கடல் இங்கே வருவதும் பின்வாங்குவதுமாக இருந்திருக்கிறது.

தொந்தரவு இல்லாத இடத்தில் கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. 1669-ல் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவைத்த விதி இது. கேட்டால் இதிலென்ன அதிசயம் என்று தோன்றும்; களத்தில் தடுமாற வைப்பதும் இதுதான், ஏனென்றால் அரியலூரில் மலைச்சுவர் எதுவும் கிடையாது. அடுக்குகள் கிழக்கே மெல்லச் சரிந்து கிடக்கின்றன, நிலமோ தட்டை. ஒருபக்கம் சாய்த்து அடுக்கிய புத்தக வரிசையை மேலே சீவிவிட்டது போல. ஆகவே மேற்கேயுள்ள கருங்கல் எல்லையிலிருந்து கிழக்கே நடந்தால் பழைய பாறையிலிருந்து புதிய பாறைக்குப் போகிறோம். ஓர் அடுக்கு 5 பாகை சரிந்திருந்தால், சரிவுத் திசையில் 1 கிலோமீட்டர் நடந்தவர் உண்மையில் கடந்த தடிமன் 1000 மீட்டரை 5 பாகையின் சைனால் பெருக்கியது, அதாவது ஏறக்குறைய 87 மீட்டர். சரிவை 10 பாகை என்று தவறாக அளந்துவிட்டால் அது 174 ஆகிவிடும். தடிமன் இரட்டித்தால் ‘எவ்வளவு காலம் படிந்திருக்கும்’ என்ற கணக்கும் கூடவே கெட்டுப்போகும். நடுவே ஒரு பிளவுத்தளம் ஓடி அடுக்கு விலகியிருந்தால் ஒரே அடுக்கை இரண்டு தடவை எண்ணும் வாய்ப்பும் உண்டு.

இன்னொரு பொறி, உதிரி. ஓடையில் பொறுக்கிய சிப்பி எந்த அடுக்கிலிருந்து உருண்டு வந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாறைக்குள் பதிந்திருக்கும்போதே பார்த்தது ஒன்று நூறு உதிரிகளுக்குச் சமம். பதிந்தே இருந்தாலும் முழுதாக நம்பிவிடக் கூடாது: பழைய அடுக்கு அரிக்கப்பட்டு, அதிலிருந்த எச்சம் கழன்று, புதிய அடுக்கில் மறுபடி புதைந்திருக்கலாம். முனை மழுங்கியிருக்கிறதா, ஓட்டுக்குள் அடைத்திருக்கும் மண் வெளியே உள்ள மண்ணிலிருந்து நிறமோ பருமனோ வேறா என்று பாருங்கள். வேறு என்றால் அது வாடகைக்கு வந்த எச்சம். அதை வைத்து அடுக்கின் வயதைச் சொன்னால் பிசகும்.

கடல்கோள் கொண்டுவந்ததா?

கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில், கல்லக்குடியிலும் கல்லங்குறிச்சியிலும் சிமெண்ட் சுரங்கம் முழுக்கச் சிப்பி. இதைப் பார்த்து ‘கடல்கோளில் அடித்துவந்தது, சங்க நூல்கள் சொன்னது சரிதான்’ என்று சொல்பவர்கள் உண்டு. உலகெங்கும் ஒரே பெருவெள்ளத்தால் எல்லா அடுக்குகளும் படிந்தன என்று மேற்கு நாடுகளில் வாதிடுபவர்களின் வாதமும் இதே அச்சில் வார்த்தது. சிரித்து ஒதுக்காமல், அந்த விளக்கம் சரியென்றால் பாறையில் என்ன இருக்கவேண்டும் என்று கேட்பதே நியாயமான வழி.

சில ஆயிரம் ஆண்டுக்கு முன் நடந்த கடல்கோள் என்றால், சிப்பிகள் இன்று வங்கக்கடலில் வாழும் இனங்களாக இருக்கவேண்டும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊரின் ஓடைகளில் பெலெம்னைட்டும், மற்ற அடுக்குகளில் அம்மோனைட்டும், கல்லங்குறிச்சியில் ஐனோசெராமஸ் என்ற பெருஞ்சிப்பியும்தான் கிடைக்கின்றன; மூன்றில் எதுவும் இன்று உயிரோடு இல்லை. ஒரே அலையில் வந்தவை என்றால் எல்லாம் கலந்து கிடக்கவேண்டும். இங்கோ ஒவ்வொரு மட்டத்திலும் அம்மோனைட் வகை மாறுகிறது, கீழ் மட்டத்து வகை மேலே திரும்பத் தலைகாட்டுவதில்லை. நின்னியூர்ப் படிவுக்கு வந்தால் அம்மோனைட்டே கிடையாது.

அலை உண்மையில் எதை விட்டுச்செல்லும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை தமிழகக் கரையில் விட்டுப்போனது சில சென்டிமீட்டரிலிருந்து சில பத்து சென்டிமீட்டர் வரையான மணல் படலம். கீழே பருமணல், மேலே நுண்மணல். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் தெரிவது வேறு. கிரிஃபியா என்ற தடித்த ஆளி வகை திட்டுத்திட்டாகக் குவிந்து கிடக்கிறது. செத்த ஓட்டின் உட்புறத்தில் வேறு உயிர்கள் ஒட்டி வளர்ந்திருக்கின்றன. கடற்பஞ்சு துளைத்த துளைகள் ஓட்டில் இருக்கின்றன. உள்பக்கத்தில் வேறொன்று குடியேற வேண்டுமானால், முதல் உயிர் செத்து, ஓடு திறந்து, புதையாமல் கடலடியில் பருவக்கணக்கில் கிடந்திருக்க வேண்டும். ஒரு நாள் வெள்ளத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. இத்தாலிய மலைச் சிப்பிகளை வைத்து ஏறக்குறைய இதே வழியில் 500 ஆண்டுகளுக்கு முன்பே யோசித்தவர் லியனார்டோ டா வின்சி.

இதற்காக ‘எல்லாமே மெல்ல மெல்லப் படிந்தது’ என்று மறுகோடிக்குப் போவதும் பிழை. இதே சுண்ணாம்புக் கல்லில் புயல் அள்ளிக் கொட்டிய பட்டைகள் உண்டு: உடைந்த ஓடுகள் நெருக்கியடித்து, குழிவு கீழே பார்க்கக் கவிழ்ந்து கிடக்கும். அந்த ஒரு சாண் தடிமன் ஒரே இரவு வேலையாக இருக்கலாம். அதற்கு மேலே மண்புற்று போலக் குடைந்த வளைகள் நிறைந்த மெல்லிய சேற்றுப் படலம் பல தலைமுறை அமைதியைக் காட்டும். தடிமனைப் பார்த்துக் காலம் சொன்னால் ஏமாந்துபோவோம். இன்னும் மோசம், காலத்தின் பெரும்பகுதி கல்லாகவே நிற்காமல், இரண்டு அடுக்குக்கு நடுவேயுள்ள ஒரு கோட்டில் ஒளிந்திருக்கும். அந்தக் கோட்டில் கூழாங்கல் பட்டையோ, இரும்புத் துருக் கறையோ, கீழ்ப்பாறையின் துண்டுகளே மேல்ப்பாறைக்குள் கிடப்பதோ தெரிந்தால், கீழ் அடுக்கு இறுகி, வெளியே தலைகாட்டி, உடைந்து, அதன் பிறகுதான் மேல் அடுக்கு வந்தது என்று பொருள்.

மரங்களுக்கும் இதே கேள்விதான். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்தை 1940-ல் உலகுக்குச் சொன்னவர் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன். 18 மீட்டர் நீள அடிமரம் கிடப்பது கடல் படிவில். காடு அங்கே நின்றதாகக் கற்பனை செய்யக்கூடாது. ஆறு அடித்துவந்து கடலில் விட்ட மரம். விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையில் கிடப்பவை இதைவிடப் பல கோடி ஆண்டு இளையவை, கடலூர் மணற்கல்லைச் சேர்ந்தவை. அங்கேயும் பட்டை, கிளை, வேர், இலை எதுவுமில்லாத மொட்டை அடிமரங்கள்தான் படுத்துக் கிடக்கின்றன. தூரத்திலிருந்து உருண்டு வந்த அடையாளம் அது.

வயது எப்படிச் சொல்கிறார்கள்?

அடிக்கடி வரும் குற்றச்சாட்டு: ‘எச்சத்தை வைத்துப் பாறைக்கு வயது, பாறையை வைத்து எச்சத்துக்கு வயது, சுற்றிச்சுற்றி ஒரே இடம்தானே?’ நல்ல கேள்வி. வரிசையும் வயதும் வேறுவேறு வழியில் வந்தவை என்பதே பதில். எந்த எச்சத்துக்கு மேல் எந்த எச்சம் வரும் என்ற வரிசை, அடுக்கின் மேல் கீழை மட்டும் பார்த்துத் தொகுத்தது. வில்லியம் ஸ்மித் அதை வைத்து இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை 1815-ல் வெளியிட்டுவிட்டார். பரிணாமத்தைச் சொன்ன டார்வின் நூல் வந்தது 1859-ல்தான். ஆண்டுக் கணக்கு அதற்கும் வெகுகாலம் கழித்துக் கதிரியக்கத்திலிருந்து வந்தது. எரிமலைச் சாம்பலில் உள்ள சிர்க்கான் படிகத்தில் யுரேனியம் ஈயமாக மாறுவதை அளக்கிறார்கள். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். ஓர் அம்மோனைட் வகைக்கு மேலும் கீழும் சாம்பல் படலம் உள்ள இடம் உலகில் எங்காவது கிடைத்தால், அந்த வகைக்கு ஆண்டுக்கணக்கில் வரம்பு கிடைத்துவிடுகிறது. அரியலூரில் அதே வகை கிடைக்கும்போது அந்த வரம்பை இங்கே கொண்டுவருகிறார்கள். ஒப்பீட்டில் பிழை வரலாம். ஆனால் வட்டத்தில் சுற்றவில்லை.

கார்பன்-14 இங்கே உதவாது. அதன் அரையாயுள் 5,730 ஆண்டு. ஏறத்தாழ 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. டைனோசர் எலும்புக்குக் கார்பன் சோதனை செய்தீர்களா என்று கேட்பது, லாரியை நகைக்கடைத் தராசில் நிறுத்தச் சொல்வது போல.

தகடு போர்த்திய டைனோசரா, நீந்திய பல்லியா?

இனி நிபுணர்களுக்குள்ளேயே முடியாத சண்டை. 1979-ல் நிலவியலாளர்கள் யாதகிரி, அய்யாசாமி இருவரும் திருச்சிராப்பள்ளித் தொகுதிப் பாறையில் கிடைத்த எச்சங்களுக்கு ‘டிராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி’ என்று பெயரிட்டார்கள். மண்டையோட்டின் பகுதி, ஒரு பல், இடுப்பெலும்புகள், தகடுகள். முதுகில் தகடு நிமிர்ந்த ஸ்டெகோசாரஸ் குடும்பம் என்பது அவர்கள் முடிவு. பாறையின் வயது சுமார் 8.9 முதல் 8.6 கோடி ஆண்டு. மற்ற நாடுகளில் அந்தக் குடும்பத்தின் உறுதியான எச்சங்கள் அதற்கு வெகுமுன்பே, கிரெட்டேசியஸ் காலத்தின் (சுமார் 14.5 முதல் 6.6 கோடி ஆண்டுக்கு முன்) முற்பகுதியோடு நின்றுவிடுகின்றன. இந்தியாவில் மட்டும் அந்தக் குலம் கூடுதலாகப் பல கோடி ஆண்டு தழைத்ததென்றால் பெரிய சேதிதான்.

1990-களில் தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி மறுத்தார். இவை மழையும் வெயிலும் தின்ற பிளீசியோசார் எலும்புகள், இடுப்பும் பின்காலும் என்றார். பிளீசியோசார் என்பது துடுப்புக்கால் கொண்ட கடல் ஊர்வன, டைனோசரே அல்ல.

கடல் படிவில் கிடைத்ததால் கடல் விலங்கு என்பது சரி என்று உடனே தீர்ப்பெழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சாத்தனூர் மரமும் கடல் படிவில்தான் கிடந்தது. செத்து ஊதிய உடல் மிதந்துபோய்க் கடலில் மூழ்குவது நடக்கக்கூடியதே. கவச டைனோசர்கள் சில, கடல் படிவுகளிலிருந்தே தெரியவந்திருக்கின்றன. படுகை இங்கே சாய்வு காட்டுமே ஒழியத் தீர்த்துவைக்காது. தீர்ப்பது எலும்பின் உருவம். பிளீசியோசாரின் இடுப்பெலும்பு அகன்ற தட்டு. அரித்து விளிம்பு போனால் முதுகுத்தகடு போலத் தோன்ற இடமுண்டு. அப்படியானால் மண்டையோடும் பல்லும் எதற்குப் பொருந்துகின்றன என்று ஸ்டெகோசார் தரப்பு திருப்பிக் கேட்கும். இங்கே பார்வைக்கு எட்டும் சான்று நைந்துபோனது, அதனால்தான் இரண்டு விளக்கமும் உயிரோடு இருக்கின்றன. இரண்டில் எது அதிகம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்றால், பல கோடி ஆண்டு இடைவெளியைத் தாண்டவேண்டிய ஸ்டெகோசார் பக்கம்தான்.

கல்லமேட்டு ராட்சதன்

அதே யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987-ல் விவரித்த டைனோசர் புருகத்காயோசாரஸ். அரியலூர்த் தொகுதியின் உச்சியில், கல்லமேட்டில் கிடைத்தது. பெயருக்கே பெருத்த உடல் என்று பொருள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். அர்ஜென்டினாவின் பிரம்மாண்டமான அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு ஏறத்தாழ 1.55 மீட்டர். முதலில் இதை இறைச்சி தின்னும் வகை என்றார்கள். பிறகு சாட்டர்ஜி இதை நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றினார். மூன்றாவதாக ஒரு சந்தேகம் கிளம்பியது: இது எலும்பே இல்லை, கல்மரமோ?

ஒரே பொருளுக்கு மூன்று வாசிப்பு. இந்த வட்டாரத்தில் 18 மீட்டர் கல்மரம் கிடைத்திருக்கும்போது கடைசிச் சந்தேகத்தைக் கேலி செய்ய முடியாது. எலும்பையும் மரத்தையும் பிரிக்கக் கைலென்ஸே ஓரளவு போதும். மரத்தில் நீளவாக்கில் இழையும், குறுக்கே வளையமும், நடுவிலிருந்து வெளியே ஓடும் மெல்லிய கதிர்க்கோடுகளும் இருக்கும். எலும்பில் வெளியே கெட்டி, உள்ளே பஞ்சு போல் துளை. மணற்சத்து ஏறிய கல்மரத்தில் 10 சதவீத நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்காது. ஆனால் சுண்ணாம்பு ஏறிய எலும்பும் மரமும் இரண்டுமே பொங்கும் என்பதால் அமிலத்தை மட்டும் நம்பக்கூடாது. உறுதியான வழி ஒன்றுதான்: ஒரு சில்லை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மி.மீ. வரும்வரை தேய்த்து நுண்ணோக்கியில் வைப்பது. இரத்தக்குழாய் ஓடிய கால்வாயைச் சுற்றி வட்டவட்டமாக அடுக்கு தெரிந்தால் எலும்பு. செங்கல் வரிசை போலச் செல்கள் நின்றால் மரம்.

கல்லமேட்டு எலும்புகளுக்கு இதைச் செய்யமுடியாது. மாதிரிகள் சிதைந்து அழிந்துவிட்டன என்று 2017-ல் அச்சில் வந்தது. ஈரம் பட்டு ஊதும், காய்ந்து வெடிக்கும் களிமண்ணில் கிடந்த எலும்பை வெளியே எடுத்ததும் இதுதான் நடக்கும். அதற்குத்தான் களத்திலேயே பசை ஊட்டி, ஈரக் காகிதம் சுற்றி, சாக்குத்துணியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் கொண்டு கட்டுப்போடுவது. காகிதத்தை மறந்தால் பிளாஸ்டர் எலும்போடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது மேல்தோலை உரித்துவிடும். கட்டுப்போட்டாலும் இந்தக் களிமண்ணில் எல்லாம் பிழைத்துவிடும் என்று சொல்ல முடியாது. 2022-ல் அன்று எடுத்த பழைய படங்கள் வெளியாகி, எலும்புதான் என்ற பக்கத்துக்கு வலு கூடியது. ஆனால் படத்தைத் தேய்த்து நுண்ணோக்கியில் வைக்க முடியாது. கட்டைவிரல் நகமளவு சில்லு ஒன்று எந்தப் பெட்டியிலாவது மிஞ்சியிருந்தால், எலும்பா மரமா என்ற கேள்விக்காவது ஒரு வாரத்தில் விடை கிடைத்துவிடும்.